ஹட்டனிலிருந்து சென்னை காமிக் கானுக்குக் குடும்பத்தோடு: பாஸ்போர்ட் முதல் கொழுந்துக் கூடை வரை

வேளாங்கண்ணிக்குப் போவதென்றால் எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஏஜன்சிக்காரர் இருக்கிறார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும். விசா, டிக்கட், பஸ், சாப்பாடு எல்லாம் அவர் பாடு. நான் போய் "சென்னையில் காமிக் கான், அஞ்சு பேர் போகணும்" என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அது எந்தக் கோயில் அக்கா?"

காமிக் கான் கோயில் இல்லை, காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடுகிற விழா. அன்றைக்கு விளங்கியது, இதற்கு நாமேதான் அலைய வேண்டும் என்று. அலைந்தோம். 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 பெப்ரவரியில் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், 14 வயது மகள், 6 வயது மகன், 71 வயது மாமனார். மகளுக்கு விண்வெளிக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். மாமாவுக்குத் தமிழ்நாட்டில், கோத்தகிரியில் இருக்கிற அக்கா மகனைச் சாவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். மகனுக்கு விமானம். இப்படி ஆளுக்கொரு காரணத்தோடுதான் எந்தக் குடும்பமும் கிளம்பும். விழாவுக்குள் நுழைந்தபிறகு எல்லாம் சுகம். அதுவரைக்கும் பட்ட பாட்டில் பாதியை நீங்கள் படாமல் இருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பாஸ்போர்ட் எடுக்க முன் கொழும்பில் ஒத்திகை பாருங்கள்

கொழும்பில் 2015 முதல் லங்கா காமிக் கான் நடக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், விடிய முன் பஸ் ஏறினால் போதும். உங்கள் பிள்ளைக்கு இது உண்மையான ஆசையா, இல்லை கூட்டாளி சொன்னதால் வந்த ஆசையா என்பது அங்கே ஒரே நாளில் தெரிந்துவிடும். கூட்டம், சத்தம், வரிசை, வேஷம் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது, இதெல்லாம் வீடியோவில் தெரியாது.

நாங்கள் இந்த ஒத்திகையைப் பார்த்தோம். மகளுக்குப் பிடித்தது. மகன் இரண்டு மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். சென்னைக்கு அவனுக்காகத் தனித் திட்டம் வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. ஐந்து பாஸ்போர்ட்டுக்குக் கட்டுகிற காசை நினைத்தால் கொழும்பு பஸ் காசு ஒன்றுமேயில்லை.

சென்னை விழாவின் பெயரில் காமிக்ஸ் இருந்தாலும் அறிவியல் புனைகதை, அனிமே, வீடியோ கேம், பொம்மை, ஓவியம் எல்லாம் கலந்த கூட்டம் அது. 2024 பெப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் முதல் தடவையாக நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. 2025இல் பெப்ரவரி 8, 9. இரண்டு தடவையும் சனி, ஞாயிறு.

2. விழா திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பெப்ரவரி விழா என்றால் முந்தைய வருடம் ஓகஸ்ட்டில் தொடங்குங்கள். சிரிக்காதீர்கள். நாங்கள் செப்டம்பரில் தொடங்கி, கடைசிப் பாஸ்போர்ட் கையில் கிடைத்தபோது தைப்பொங்கல் முடிந்திருந்தது. 2024இன் பிற்பாதியில் பாஸ்போர்ட் புத்தகத்துக்கே நாட்டில் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது மறுபடி வராது என்று நம்பி ஒரு குடும்பப் பயணத்தை வைக்க முடியாது.

என் கணக்கு இது. முதல் இரண்டு மாதம் பெயர்களையும் சான்றிதழ்களையும் சரிபார்க்க. அடுத்த இரண்டு மாதம் பாஸ்போர்ட்டுக்கு. பிறகு விமான டிக்கட், விழா டிக்கட். விழாவுக்கு முந்தைய மாதம் விசா. வேஷம் தைப்பது இவை எல்லாவற்றுக்கும் நடுவில், ராத்திரிகளில்.

இன்னொன்று. பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடம் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2024ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2025 மார்ச்சில்தான் நடந்தது. பெப்ரவரியில் சென்னையில் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு மார்ச்சில் கணிதம் வராது.

3. எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள்

மலையகத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை வாசியுங்கள்.

குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு நாள் மேசையில் பரப்புங்கள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் சரியாக இருக்கும். சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இடத்தில்தான் கோளாறு. என் வீட்டுக்காரருடைய தகப்பன் பெயர் முத்துசாமி. பிறப்புச் சான்றிதழில் அதற்கு 'வை' இல்லை, அடையாள அட்டையில் 'வை' இருக்கிறது, கலியாணச் சான்றிதழில் நடுவே ஒரு 'எச்' முளைத்திருக்கிறது. மூன்று காகிதம், மூன்று முத்துசாமி.

இதற்கு ஊரில் எல்லாரும் சொல்கிற மருந்து சத்தியக் கடதாசி: "இந்தப் பெயர்களால் அழைக்கப்படுபவர் ஒருவரே" என்று சமாதான நீதவானிடம் எழுதி வாங்குவது. அது சில மேசையில் செல்லும், சில மேசையில் செல்லாது. எங்களுக்கு ஒரு அலுவலகத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை போனபோது "இதெல்லாம் சரிவராது, சான்றிதழையே திருத்திட்டு வாங்க" என்றார்கள். ஆறு வாரம் போனது. எழுத்து வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால், நேரம் இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் இருக்கிற பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். கடதாசியை நம்பி இருக்காதீர்கள்.

வயதானவர்கள் கதை வேறு. மாமா பிறந்தது லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில். பிறப்பைப் பதிந்தவர் யாரும் இல்லை. அவரிடம் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ். அதோடு பிரஜாவுரிமைச் சான்றிதழ். பெட்டிக்கு அடியில், பழைய சேலைக்குள், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படி ஒரு கடதாசி இருக்கலாம், இப்போதே தேடச் சொல்லுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.

15 வயதானால் பிள்ளைக்கும் அடையாள அட்டை எடுக்கலாம். மகளுக்கு 14 என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

4. பாஸ்போர்ட்

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். நமக்குக் கண்டிக் கிளை பக்கம். சில பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுத்து இணையத்தில் விண்ணப்பிக்கிற வசதியும் 2023இலிருந்து உண்டு. ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ சிறு பிள்ளையோடும் கிழவரோடும் பத்தரமுல்லைக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கட்டணம், நாங்கள் எடுத்தபோது: பெரியவர்களுக்குச் சாதாரண சேவை 10,000 ரூபாய், ஒருநாள் சேவை 20,000 ரூபாய். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3 வருடம் செல்லுபடியாகிற பாஸ்போர்ட், அதற்குக் கட்டணம் குறைவு. ஐந்து பேருக்கும் ஒருநாள் சேவை என்று கிளம்பினால் பாஸ்போர்ட்டிலேயே பயணக் காசு முடிந்துவிடும். முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதனாலும்தான்.

கொண்டுபோக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் மூலமும் பிரதியும், அடையாள அட்டை மூலமும் பிரதியும், கணவர் பெயரைச் சேர்க்கிறவர்களுக்குக் கலியாணச் சான்றிதழ். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருவருடைய சம்மதமும் அடையாளமும். ஒருவர் வெளிநாட்டில் வேலை என்றால் அந்தச் சம்மதக் கடிதத்தை அங்குள்ள நம் தூதரகத்தில் உறுதிப்படுத்தி எடுக்க வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் இருக்கிற வீடுகள் எத்தனை! அவர்கள் இந்தக் கடிதத்தை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

போட்டோவை எந்த ஸ்டூடியோவிலும் எடுக்க முடியாது. திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். படத்தை அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு ரசீது தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைத்தால் மறுபடி ஸ்டூடியோதான். கைரேகை 16 முதல் 60 வயது வரை. மாமாவுக்குத் தேவைப்படவில்லை. "கொழுந்தும் கவ்வாத்தும் பார்த்த கை, ரேகை எங்கே இருக்கப் போவுது" என்று அவர் முன்பே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தேயிலைக் கொழுந்து பறித்து, செடியைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்த கை.

இப்போது பொறி. விலாசம். பாஸ்போர்ட் கூரியரில் வரும் என்றால், "இன்ன டிவிசன், இன்ன தோட்டம்" என்ற விலாசத்துக்கு அது எப்படி வரும் என்று யோசியுங்கள். தோட்டத்துக் கடிதங்கள் தோட்டத்து ஒபிசில் இறங்கும். அங்கிருந்து உங்கள் லயத்துக்கு வருவதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். என் மகனுடைய பாஸ்போர்ட் பத்து நாள் ஒரு இராக்கையில் கிடந்தது. விண்ணப்பத்தில் போன் நம்பரைத் தெளிவாகக் கொடுங்கள். டவுனில் கடை வைத்திருக்கிற சொந்தக்காரர் விலாசத்தைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் தோட்டத்து ஒபிசில் ஆளைப் பார்த்து முன்பே சொல்லி வையுங்கள்.

5. இந்திய விசா

நமக்கு இ-விசா கிடைக்கும். இணையத்தில் விண்ணப்பித்து, கார்டில் காசு கட்டி, அனுமதி வந்ததும் அச்செடுத்துக்கொண்டு போவது. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும்.

30 நாள் சுற்றுலா விசாவுக்கு, போகிற திகதிக்கு 30 நாளுக்கு முன் விண்ணப்பிக்க விடாது. கடைசி 4 நாளுக்குள்ளும் விடாது. அந்த இடைவெளியில் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒரு வருட விசாவை 120 நாள் முன்பே கேட்கலாம், கட்டணம் கூடுதல். விமான டிக்கட் வாங்க முன் விசா கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பயந்த சுபாவக்காரர்களுக்கு அது நல்லது.

பாஸ்போர்ட் இந்தியா போய் இறங்குகிற நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். பிள்ளைகளின் 3 வருடப் பாஸ்போர்ட் ஏற்கனவே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், திகதியைத் திறந்து பாருங்கள்.

விண்ணப்பம் நீளமானது. ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கியபின் தொடங்குங்கள். போட்டோ சதுரமாக, வெள்ளைப் பின்னணியோடு. பாஸ்போர்ட் பக்கம் பிடிஎப் கோப்பாக, 300 கேபிக்குள். போனில் எடுத்த படம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். டவுனில் கொமினிகேஷன் கடைக்காரர் சுருக்கித் தருவார். ஆனால் விண்ணப்பத்தையே அவரிடம் நிரப்பக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊரின் பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த திகதியில் மாதமும் நாளும் தலைகீழ். கட்டிய காசு திரும்பாது.

இந்தியாவில் தெரிந்தவர் ஒருவருடைய பெயர், விலாசம், போன் கேட்பார்கள். ஹோட்டல் விவரத்தையும் கொடுக்கலாம். நாங்கள் கோத்தகிரி உறவினர் பெயரைக் கொடுத்தோம். தாய் தகப்பன் பிறந்த இடம், உடம்பில் அடையாளம், கடந்த 3 வருடத்தில் போன சார்க் நாடுகள் என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும்.

குடியுரிமை பிறப்பால் வந்ததா, வேறு வழியில் வந்ததா என்றும் ஒரு கேள்வி உண்டு. நமக்கெல்லாம் ஒரு நொடி வேலை. மாமாவுக்கு அரை மணி நேரம் நின்றுவிட்டோம். இங்கேயே பிறந்தவர், ஆனால் கடதாசி, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. அவசரப்பட்டு ஒன்றைச் சொடுக்காமல், சேமித்து வைத்துவிட்டு, கண்டியில் இருக்கிற இந்திய உதவித் தூதரகத்தில் கேட்டுத்தான் நிரப்பினோம். உங்கள் வீட்டிலும் பிரஜாவுரிமைச் சான்றிதழ்க்காரர் இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

போலித் தளங்கள் நிறைய. தேடினால் முதலில் வருவதே காசு கூடக் கேட்கிற இடைத்தரகர் தளமாக இருக்கலாம். உண்மையான தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும்.

நாங்கள் போனபோது இல்லாத ஒன்று: 2025 ஒக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் நுழைகிற வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்புவது. இலவசம். யாராவது காசு கேட்டால் அது போலி.

6. விமானமும் விழா டிக்கட்டும்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரம் என்பதுதான் வேடிக்கை. போய்வர ஆளுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி எங்களுக்கு வந்தது. விடியற்காலை விமானம் மலிவாகத் தெரியும். ஆனால் அதற்கு முதல்நாள் மாலையே வீட்டை விட்டு இறங்கி, கிதுல்கலை வளைவுகளை இருட்டில் கடந்து, விமான நிலைய நாற்காலியில் பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும். பகல் விமானம் எடுங்கள்.

ஐந்து பேர் என்றால் வேன்தான் கட்டுப்படியாகும். ரயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டையில் இறங்கி 187ஆம் இலக்க பஸ் ஏறலாம். ஆனால் மலைப்பாதை ரயிலை நம்பி விமானம் பிடிக்கிற வேலை வேண்டாம். ஒரு மண்சரிவு போதும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பாதையை என்ன செய்தது என்று பார்த்தோமே. வேனிலும் இரண்டு மணி நேரம் மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காய் இரண்டு, பிளாஸ்டிக் பை நாலு. கினிகத்தேனை தாண்ட முன் என் மகன் மூன்றைப் பாவித்துவிட்டான்.

டிக்கட்டில் பெயர் போடும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்துக்கு அடியில் இருக்கிற இரண்டு வரியைப் பார்த்துப் போடுங்கள். அம்புக்குறி அம்புக்குறியாக இருக்குமே, அதுதான். எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று நமக்கு இருக்கிற குழப்பமெல்லாம் அந்த இயந்திரத்துக்குக் கிடையாது. அது எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

விழா டிக்கட் இணையத்தில்தான். இங்கே எங்களுக்கு இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று, பதிவு செய்ய இந்திய மொபைல் நம்பர் கேட்டது. கோத்தகிரித் தம்பியே வாங்கி அனுப்பினான், நாங்கள் காசைக் கையில் கொடுத்தோம். இரண்டு, நம் வங்கிக் கார்டு வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்குத் திறந்திருக்கவில்லை. வங்கிக்குப் போன் எடுத்துத் திறந்து வையுங்கள். அந்த ஓடிபி வருகிற சிம்மை இந்தியாவிலும் வேலை செய்யும்படி ரோமிங் போட்டு வையுங்கள்.

இரண்டு நாளுக்கும் எல்லாருக்கும் டிக்கட் வாங்காதீர்கள். நாங்கள் சனிக்கிழமைக்கு ஐந்து பேருக்கும் வாங்கினோம், ஞாயிற்றுக்கிழமை மகளுக்கும் எனக்கும் மட்டும். மற்ற மூவரும் அன்றைக்கு மெரினாவுக்குப் போனார்கள். வீட்டில் சண்டை வராமல் இருந்தது இந்த ஒரு முடிவால்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வயதுவரை டிக்கட் தேவையில்லை என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

7. தங்குமிடம்

மலிவான லாட்ஜ் ஒன்றில் போனில் பேசி அறை பிடித்து, போய் இறங்கியபின் "இலங்கைப் பாஸ்போர்ட்டா? வெளிநாட்டவருக்கு இங்கே அறை இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இரவு ஒன்பது மணி. மகன் தோளில் தூங்குகிறான். மாமா கையில் கூடை.

அவர்கள் மேல் முழுக் குற்றமும் இல்லை. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்று ஆட்கள் சொல்கிற ஒன்றை அரசுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜுகள் அந்தத் தலைவலி வேண்டாம் என்று விட்டுவிடும். நாம் தமிழ் பேசுகிறோம், அதே சாமியைக் கும்பிடுகிறோம், ஆனாலும் அங்கே நாம் வெளிநாட்டவர். ஆகவே அறை பிடிக்கும்போதே "நாங்கள் இலங்கைப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் அந்தப் படிவத்தை அவர்கள் போட வேண்டும். அவர்களுக்கே இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இடம்: கிண்டி, ஆலந்தூர் பக்கம் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் சில நிலையங்கள்தான், அங்கிருந்து நந்தம்பாக்கம் ஆட்டோ தூரம். தியாகராய நகரில் தங்கினால் கடைத்தெரு பக்கம், ஆனால் காலையில் குடும்பத்தைக் கிளப்பி வருவதற்குள் விழா வரிசை வாசல் தாண்டி வளர்ந்திருக்கும்.

8. வேஷம்

கட்டாயம் இல்லை. சாதாரண உடுப்போடு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் உங்கள் பிள்ளை போட ஆசைப்பட்டால் விடுங்கள், வாங்கிக் கொடுக்காதீர்கள், செய்ய விடுங்கள்.

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர் என்பதும், நம் சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து விண்வெளிக்குப் போகிற மின்தூக்கி ஒன்றைக் கதையாக எழுதியிருக்கிறார் என்பதும் மகளுக்கு எங்கிருந்தோ தெரிந்திருந்தது. எங்கள் வாசலில் நின்றால் மேகம் இல்லாத நாளில் அந்த மலை தெரியும். "அப்படி ஒரு மின்தூக்கி வந்தா அதில சாமான் ஏத்துறது யாரு? நம்ம ஆளுங்கதானே" என்றாள். அதுதான் வேஷம். விண்வெளி உடுப்பு, தலையில் கண்ணாடிக் கவசம், முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக்குள் பச்சை விளக்கு. அவளுடைய அப்பாயி கொழுந்து எடுத்த கூடை அது.

செய்த செலவு நாலாயிரத்துக்குள். கடை அட்டைப்பெட்டி, வெள்ளி நிறத் தாள், பழைய மழைக்கோட்டு. கஷ்டம் கொண்டுபோவதில்தான். கூடையை லக்கேஜில் போட்டால் நசுங்கும். கைப்பையாகவும் அளவு கூடிவிட்டது. கடைசியில் கூடைக்குள்ளேயே உடுப்பைத் திணித்து, சாக்கில் தைத்து லக்கேஜில் போட்டோம், பிழைத்தது.

ஸ்ப்ரே பெயின்ட், பசை டின் விமானத்தில் ஏற்ற முடியாது, ஊரிலேயே அடித்து முடியுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. பொம்மைத் துப்பாக்கி, கத்தி மாதிரி எதுவும் கைப்பையில் வேண்டாம். மகள் அட்டையில் செய்த கவ்வாத்துக் கத்தியை என் கைப்பையில் வைத்திருந்தேன். கட்டுநாயக்கவில் ஸ்கேன் பண்ணுகிற தம்பி அதை எடுத்து, வளைத்துப் பார்த்து, சிரித்துவிட்டு, ஆனாலும் திருப்பித் தரவில்லை. விழா வாசலிலும் சோதனை உண்டு. உலோகம், கூர்மையானது எதுவும் விட மாட்டார்கள்.

9. காசு

2025 ஆரம்பத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு நம் காசு ஏறத்தாழ மூன்றரை. இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்குங்கள். 500 ரூபாய் என்று எழுதியிருக்கிற படத்தை 500 என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். அது அன்றைய ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தை விடக் கூட.

மகளுக்கு நாங்கள் ஒரு தொகையைக் கவரில் போட்டுக் கொடுத்தோம். அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று. முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்கக் கூடாது, முழு மண்டபத்தையும் சுற்றிப் பார்த்தபின்தான் என்று ஒரு சட்டமும் போட்டோம். அவள் பெரிய கடைகளை விட்டுவிட்டு, தாங்களே வரைந்து தாங்களே விற்கிற இளைஞர்களின் மேசைகளில்தான் செலவழித்தாள். பேரம் பேச நானும் வாயெடுத்தேன், மகள் காலை மிதித்தாள். அந்த மேசைகளில் பேரம் பேசக் கூடாதாம். நியாயம்தான், தங்கள் கையால் வரைந்தது.

அங்கே பெட்டிக்கடையில்கூட போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். எங்களிடம் அது இருக்கவில்லை. 100, 50 ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

10. விழா நாள்

வெயில். அதுதான் முதல் எதிரி. பெப்ரவரி சென்னைக்காரருக்குக் குளிர்காலமாம். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு அது அடுப்பு. மண்டபத்துக்குள் குளிரூட்டி உண்டு, வெளியே வரிசையில் இல்லை. வேஷத்தை உள்ளே போய்ப் போட வையுங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு மாற்று உடுப்பு.

திறக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு நடக்கவே இடம் இருக்காது. பெரியவரோடு போகிறவர்கள் முதல் வேலையாக நாற்காலி எங்கே, கழிவறை எங்கே என்று பாருங்கள். பிள்ளையின் கையில் பேனாவால் போன் நம்பரை எழுதுங்கள். இந்திய நம்பர் எடுத்திருந்தால் அதை, இல்லாவிட்டால் நம் நம்பரை நாட்டுக் குறியீட்டோடு. தொலைந்தால் சந்திக்கிற இடமாக நுழைவாசலைச் சொல்லாதீர்கள், அங்கேதான் கூட்டமே. உள்ளே பெரிய சிலை, பதாகை எதையாவது சொல்லுங்கள்.

வேஷக்காரர்களைப் படம் எடுக்க முன் கேட்க வேண்டும். தோளில் கை போடவும் கேட்க வேண்டும். இதை வீட்டு ஆண்களுக்கும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மேடைப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாமாவுக்கு ஒன்றும் விளங்காது என்றுதான் நினைத்தோம். அவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற வேஷங்களை எண்ணிக்கொண்டிருந்தார். மகளோடு படம் எடுக்க வந்த சென்னைப் பையன்கள் "இது என்ன கேரக்டர்?" என்று கேட்க, இவர் எழுந்து போய், கூடையைத் தலையில் எப்படி மாட்டுவது, இரண்டு இலையும் மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று கையால் காட்ட ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம். மகளைவிட அவரைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள்.

11. திரும்பி வருவது

ஞாயிறு இரவு விமானம் எடுக்காதீர்கள். விழா ஓயும்வரை பிள்ளை வெளியே வராது. செவ்வாய்க்கிழமை எடுங்கள். பாடசாலைக்கு முன்பே கடிதம் கொடுத்து லீவு வாங்குங்கள், எங்கள் வகுப்பாசிரியர் காரணத்தை வாசித்துவிட்டு இரண்டு தடவை மேலே பார்த்தார், கையெழுத்து வைத்தார்.

எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், அடுத்த தடவை பாதி வேலை மிச்சம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் முடிகிற திகதியை, அதற்கு எட்டு மாதம் முந்தைய திகதியோடு சேர்த்து, சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். ஏஜன்சிக்காரரைப் போன வாரம் டவுனில் கண்டேன். இன்னும் இரண்டு குடும்பம் வந்து கேட்டதாம். "அந்தக் கோயிலுக்கு எப்ப அக்கா திருவிழா?" என்றார். பெப்ரவரி என்றேன்.